சித்திரைத் திருவிழா லீவா? மெயிலுக்கு தானாகவே பதில் போக வைப்பது எப்படி? யாருக்குப் போகவே கூடாது?

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. கோரிப்பாளையம், ஆழ்வார்புரம் பக்கம் வண்டி எடுக்கவே முடியாது. கடையும் ஆபீசும் பூட்டியிருக்கும்.

இது மதுரைக்காரங்களுக்குத் தெரியும். ஆனா மும்பையில் இருந்து சுங்குடி சேலைக்கு மொத்த விலை கேட்டு மெயில் போடுபவருக்குத் தெரியுமா? சிங்கப்பூரில் இருந்து ரூம் புக் பண்ணலாமா என்று கேட்பவருக்குத் தெரியுமா? அவங்க காலண்டரில் அது சாதாரண வேலை நாள். ரெண்டு நாள் பதில் வரலைன்னா அடுத்த கடையைப் பார்த்துப் போய்விடுவாங்க.

இந்த ரெண்டு நாள் இடைவெளியை அடைக்கத்தான் 'ஆட்டோ ரிப்ளை' எனப்படும் தானியங்கி பதில். அமைக்க பத்து நிமிஷம் போதும். காசு கிடையாது. ஆனால் யாருக்குப் பதில் போகணும், யாருக்குப் போகக் கூடாது, அதில் என்ன எழுதணும் என்று யோசிக்காமல் ஆன் செய்துவிட்டால், வசதியே வில்லங்கமாகிவிடும். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆட்டோ ரிப்ளையில் எத்தனை வகை?

சாதாரணமாகப் பயன்படுத்துபவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, 'லீவில் இருக்கேன்' பதில். வரும் மெயில் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் போகும்.

இரண்டாவது, ஃபில்டர் வழி. விலை கேட்டு வருவதற்கு ஒரு பதில், வேலை கேட்டு வருவதற்கு வேறொரு பதில் என்று பிரித்து அனுப்பலாம்.

மூன்றாவது, ஸ்கிரிப்ட் வழி. நாள், நேரம், அனுப்பியவர் என்று பல விஷயங்களைப் பார்த்து முடிவெடுக்கும் சின்ன புரோகிராம்.

நாலு நாள் லீவுக்கு முதல் வழியே போதும். தினமும் ஒரே மாதிரி கேள்வி வந்து குவிகிறவங்களுக்கு இரண்டாவது. மற்ற இரண்டும் போதவில்லை என்றால் மட்டும் மூன்றாவது.

முதல் வழி: ஜிமெயிலில் 'வெக்கேஷன் ரெஸ்பாண்டர்'

இதை மொபைலிலேயே செய்யலாம்.

1. ஜிமெயில் ஆப்பில் மேலே இடது பக்கம் இருக்கும் மூன்று கோடுகளைத் தொடுங்கள். கீழே போய் 'செட்டிங்ஸ்' எடுங்கள்.
2. உங்கள் மெயில் கணக்கைத் தேர்ந்தெடுங்கள்.
3. ஆண்ட்ராய்டில் 'வெக்கேஷன் ரெஸ்பாண்டர்' என்று இருக்கும். அதை ஆன் செய்யுங்கள்.
4. எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடியணும் என்று கொடுங்கள். தலைப்பையும் பதிலையும் எழுதி 'டன்' கொடுங்கள். அவ்ளோதான்.

கம்ப்யூட்டரில் என்றால், பல்சக்கரக் குறியை அழுத்தி 'சீ ஆல் செட்டிங்ஸ்' போனால், 'ஜெனரல்' பக்கத்தின் கடைசியில் இதே வசதி இருக்கும்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் சில உண்டு. தொடக்க நாள் நள்ளிரவு 12 மணிக்கு இது தானாக ஆன் ஆகும். கடைசி நாள் இரவு 11.59-க்கு ஆஃப் ஆகும். ஒரே ஆள் பத்து மெயில் போட்டாலும் பத்து பதில் போகாது. முதல் மெயிலுக்கு ஒரு பதில். நாலு நாள் கழித்து அவரே மறுபடி எழுதினால்தான் அடுத்த பதில். ஸ்பேம் பெட்டியில் விழுகிற மெயிலுக்கும், மெயிலிங் லிஸ்ட் மெயிலுக்கும் இது பதில் அனுப்பாது.

நடுவில் பதிலைத் திருத்தினால் இந்தக் கணக்கு புதிதாகத் தொடங்கும். நேற்று பதில் வாங்கியவருக்கே இன்று திரும்பவும் போகலாம். அதனால் ஆன் செய்யும் முன்பே எழுத்துப் பிழை பார்த்துவிடுங்கள்.

சித்திரைத் திருவிழாவுக்கு இதை அமைக்கும்போது ஒரு கவனம் தேவை. அழகர் ஆற்றில் இறங்கியது 2024-ல் ஏப்ரல் 23. அடுத்த வருஷம், 2025-ல் மே 12. பௌர்ணமிக் கணக்கு என்பதால் தேதி வருஷா வருஷம் மாறும். போன வருஷம் எழுதி வைத்ததை அப்படியே ஆன் செய்தால், கடை திறந்திருக்கும் நாளில் 'லீவு' என்று பதில் போகும்.

ஸோஹோ மெயில் பயன்படுத்துகிறவங்களுக்கும் இதே மாதிரி வெக்கேஷன் ரிப்ளை வசதி இருக்கிறது. அவுட்லுக்கில் 'ஆட்டோமேட்டிக் ரிப்ளைஸ்' என்று தேடுங்கள். உங்கள் நிறுவனத்துக்கு உள்ளே இருப்பவர்களுக்கு ஒரு பதில், வெளியாட்களுக்கு வேறொரு பதில் என்று அங்கே தனித்தனியாக எழுத முடியும்.

இரண்டாவது வழி: ஃபில்டர் + டெம்ப்ளேட்

தெற்கு மாசி வீதியில் சுங்குடி சேலைக் கடை வைத்திருக்கிறீங்கன்னு வைச்சுக்குவோம். வருகிற மெயிலில் பாதி 'விலை என்ன?', மீதியில் பாதி 'வெளியூருக்கு அனுப்புவீங்களா?'. இதற்கெல்லாம் தினமும் உட்கார்ந்து ஒரே பதிலை டைப் செய்ய வேண்டியதில்லை.

இதை அமைக்க கம்ப்யூட்டர் வேண்டும். மொபைல் ஆப்பில் முடியாது.

1. 'சீ ஆல் செட்டிங்ஸ்' போய், 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'டெம்ப்ளேட்ஸ்' என்பதை 'எனேபிள்' செய்து சேமியுங்கள்.
2. புதிய மெயில் எழுதும் பெட்டியைத் திறந்து, பதிலை டைப் செய்யுங்கள். கீழே மூன்று புள்ளி மெனுவில் 'டெம்ப்ளேட்ஸ்' போய், புதிய டெம்ப்ளேட்டாகச் சேமியுங்கள். 'விலைப் பட்டியல்' என்று பெயர் வைக்கலாம்.
3. மேலே தேடும் பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் குறியை அழுத்துங்கள். எந்த மெயிலுக்குப் பதில் போகணும் என்பதை அங்கே சொல்ல வேண்டும்.
4. 'கிரியேட் ஃபில்டர்' கொடுத்து, அடுத்த பக்கத்தில் 'செண்ட் டெம்ப்ளேட்' என்பதை டிக் செய்து, உங்கள் டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுங்கள்.

இதில் மூன்றாவது படிதான் முக்கியம். ஃபில்டருக்கு அர்த்தம் புரியாது, எழுத்து மட்டும்தான் தெரியும். ஒருத்தர் தமிழில் 'விலை' என்று எழுதுவார். இன்னொருத்தர் அதையே ஆங்கில எழுத்தில் அடிப்பார். வேறொருத்தர் 'ரேட்' என்பார், மற்றவர் 'பிரைஸ்' என்பார். இத்தனையும் சேர்த்துக் கொடுத்தாலும், 'போன தடவை கொடுத்த விலை அதிகம், சேலையும் சாயம் போகுது' என்று கோபமாக எழுதியவருக்கும் உங்கள் விலைப் பட்டியலே பதிலாகப் போய் நிற்கும்!

இதற்கு ஒரு சுலபமான மாற்று இருக்கிறது. ஜிமெயில் முகவரியில் உங்கள் பெயருக்குப் பின்னால், '@' குறிக்கு முன்னால், ஒரு '+' குறி போட்டு எந்தச் சொல்லைச் சேர்த்தாலும் மெயில் உங்களுக்கே வரும். அதாவது உங்கள் முகவரியின் பெயர்ப் பகுதியுடன் '+விலை' என்ற பொருள் தரும் ஆங்கில எழுத்துச் சொல்லைச் சேர்த்து, அந்த முகவரியை கேட்டலாக்கிலும் விசிட்டிங் கார்டிலும் 'விலைப் பட்டியலுக்கு இங்கே எழுதுங்க' என்று அச்சடித்துவிடலாம். ஃபில்டரில் 'டு' என்ற கட்டத்தில் அந்த முகவரியைக் கொடுத்தால் போதும். வார்த்தையை வைத்து ஊகிக்கும் வேலையே இல்லை. விலை கேட்பவருக்கு மட்டும் விலை போகும். புகார் சொல்பவரின் மெயில் உங்கள் பார்வைக்கு வரும்.

வெக்கேஷன் ரெஸ்பாண்டரில் இருக்கும் அந்த நாலு நாள் கணக்கை ஃபில்டர் விஷயத்தில் நம்பி இருக்காதீங்க. அதனால் ஃபில்டரை எவ்வளவு குறுக்கி வைக்கிறீங்களோ அவ்வளவு நல்லது. 'டஸ் நாட் ஹேவ்' கட்டத்தில் 'அன்சப்ஸ்கிரைப்' என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டால், விளம்பர மெயில்களில் பெரும்பாலானவை கழிந்துவிடும்.

அமைத்து முடித்ததும் வீட்டில் இன்னொருத்தர் மெயிலில் இருந்து ஒரு கேள்வி அனுப்பி சோதித்துப் பாருங்கள்.

மூன்றாவது வழி: ஸ்கிரிப்ட்

'ஞாயிற்றுக்கிழமையும் உள்ளூர் விடுமுறையும் மட்டும் பதில் போகணும், மற்ற நாளில் கூடாது' என்று கேட்டால் ஃபில்டருக்கு அது தெரியாது. அங்கேதான் ஸ்கிரிப்ட் வருகிறது.

ஜிமெயிலுக்கு 'கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட்' என்ற இலவச வசதி இருக்கிறது. இதில் எழுதும் புரோகிராம், நீங்கள் சொன்ன இடைவெளியில் தானாக எழுந்து உங்கள் இன்பாக்ஸைப் பார்க்கும். அது செய்ய வேண்டிய வேலையை வரிசையாகச் சொன்னால் இப்படி இருக்கும்:

* இன்று விடுமுறைப் பட்டியலில் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் அப்படியே நின்றுவிடு. (பட்டியலை ஒரு கூகுள் ஷீட்டில் வைத்துக்கொண்டால் வருஷம் ஒருமுறை தேதி மாற்றினால் போதும்.)
* படிக்காத புது மெயில்களை எடு.
* 'பதில் போயாச்சு' என்ற லேபிள் ஏற்கெனவே ஒட்டியிருந்தால் விட்டுவிடு.
* அனுப்பியது மனிதரா, இயந்திரமா என்று பார். இயந்திரம் என்றால் விட்டுவிடு.
* பதில் அனுப்பு. உடனே லேபிளை ஒட்டு.

கடைசி வரியில் அந்த லேபிளை ஒட்ட மறந்தால், ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறை எழும்போதும் அதே ஆளுக்கு அதே பதிலை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை என்றால் ஒரு நாளில் 288 மெயில். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஸ்கிரிப்ட் மூலம் ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் அனுப்ப முடியும் என்று கூகுள் வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பு முடிந்துவிட்டால் உண்மையான வாடிக்கையாளருக்குப் பதில் போகாது.

இன்னொரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் ஸ்கிரிப்டை அப்படியே ஒட்டி ஓட்டும்போது, 'உங்கள் மெயிலைப் படிக்க, அனுப்ப, நீக்க அனுமதி கொடுக்கிறீர்களா?' என்று கூகுள் கேட்கும். 'அலவ்' கொடுத்தால் முழு மெயில் பெட்டியின் சாவியையும் கொடுத்த மாதிரி. பேங்க் மெயிலும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று புரியாத ஸ்கிரிப்டுக்கு அனுமதி தர வேண்டாம். தெரிந்த ஒருத்தரிடம் காட்டிவிட்டு ஓட்டுங்கள்.

சொந்தமாக டொமைன் வாங்கி, அதில் மெயில் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு 'சீவ்' என்ற மொழி இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு சல்லடை என்றுதான் அர்த்தம். மெயிலைச் சலித்துப் பிரிப்பதற்கென்றே உருவான சின்ன மொழி. 2001-ல் முதலில் வரையறுக்கப்பட்டு, 2008-ல் திருத்திய வடிவம் வந்தது. இது மெயில் சர்வரிலேயே ஓடும். உங்கள் கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும், கரண்ட் போனாலும் வேலை நடக்கும். உங்கள் மெயில் சர்வரில் இந்த வசதி இருக்கிறதா என்று ஹோஸ்டிங் நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்கலாம்.

ரெண்டு இயந்திரம் பேச ஆரம்பித்தால்?

உங்கள் ஆட்டோ ரிப்ளை ஒருவருக்குப் போகிறது. அவரும் லீவில் இருக்கிறார். அவருடைய ஆட்டோ ரிப்ளை உங்களுக்குத் திரும்ப வருகிறது. அதற்கு உங்களுடையது பதில் போடுகிறது. அதற்கு அவருடையது...

ஐந்து விநாடிக்கு ஒரு மெயில் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 720. ராத்திரி எட்டு மணி நேரத்தில் 5,760. காலையில் வந்து பார்த்தால், வாடிக்கையாளர் மெயில் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

இந்தப் பிரச்சினை புதுசு இல்லை. 1980-களிலேயே யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களில் 'வெக்கேஷன்' என்றொரு புரோகிராம் இருந்தது. இன்று ஜிமெயிலில் நாம் பார்க்கும் பெயரும் அதேதான். ஒரு ஆளுக்கு வாரம் ஒரு பதில் மட்டும் என்ற கட்டுப்பாடு அதில் அப்போதே உண்டு. 2004 ஆகஸ்டில் தானியங்கி பதில்களுக்கென்றே ஒரு இணைய வழிகாட்டி விதி வெளியானது. அதன் எண் 3834. தானாகப் போகும் ஒவ்வொரு மெயிலின் தலைப்புத் தகவலிலும் 'ஆட்டோ சப்மிட்டட்' என்ற அடையாளம் இருக்கணும், அந்த அடையாளம் உள்ள மெயிலுக்கு இன்னொரு இயந்திரம் பதில் போடக் கூடாது என்பது அதன் சாரம்.

ஜிமெயில், அவுட்லுக் போன்றவற்றின் லீவு வசதியில் இந்த மாதிரி பாதுகாப்பை அவங்களே பார்த்துக்கொள்வாங்க. ஆனால் நீங்களே ஸ்கிரிப்ட் எழுதினால் இது உங்கள் பொறுப்பு. குறைந்தபட்சம் இவற்றுக்குப் பதில் போகாமல் தடுத்துவிடுங்கள்:

* 'நோ ரிப்ளை' என்ற பெயரில் வரும் மெயில்கள். பேங்க், ரயில் டிக்கெட், ஓடிபி எல்லாம் இதில் அடக்கம்.
* மெயில் போய்ச் சேரவில்லை என்று சர்வரே திருப்பி அனுப்புபவை.
* குழுவுக்கு மொத்தமாக வரும் மெயில்கள். ஒருத்தர் லீவு என்பதை 300 பேருக்குச் சொல்ல வேண்டியதில்லை.
* ஸ்பேம். பதில் போனாலே 'இந்த முகவரியில் ஆள் இருக்கிறார்' என்று மோசடிக்காரருக்கு உறுதியாகிவிடும்.

இயந்திரம் சொன்னாலும் நீங்க சொன்னதுதான்

'அது ஆட்டோ ரிப்ளை சார், நாங்க அனுப்பலை' என்று பின்னால் சொல்லித் தப்பிக்க முடியுமா? கஷ்டம்.

இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் 11-வது பிரிவு, ஒருவர் தானாக இயங்கும்படி நிரல் செய்து வைத்த அமைப்பு அனுப்பும் மின்னணுப் பதிவும் அவர் அனுப்பியதாகவே கருதப்படும் என்கிறது. 12-வது பிரிவு, மெயில் கிடைத்தது என்பதற்கான ஒப்புகை பற்றியது. ஒப்புகை இந்த முறையில்தான் வேண்டும் என்று அனுப்பியவர் சொல்லியிருக்காவிட்டால், தானியங்கியாகப் போகும் பதிலும் ஒப்புகைதான்.

சுருக்கமாகச் சொன்னால், உங்கள் ஆட்டோ ரிப்ளை போனது என்றால், அந்த மெயில் உங்களுக்கு வந்து சேர்ந்தது என்று நீங்களே ஒத்துக்கொண்ட மாதிரி. 'எனக்கு மெயிலே வரலை' என்று அப்புறம் சொல்வது கடினம்.

வெளிநாட்டில் நடந்த ஒரு வழக்கு இன்னும் தெளிவாகப் புரிய வைக்கும். ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையதள சாட்பாட், துக்க நிகழ்வுக்குப் போகிறவர்களுக்கான கட்டணச் சலுகை பற்றி ஒரு பயணிக்குத் தப்பான தகவல் கொடுத்தது. 2024 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத் தீர்ப்பாயம், தளத்தில் இருக்கும் எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று சொல்லி, வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து சுமார் 812 கனடா டாலர் கொடுக்க உத்தரவிட்டது. அது சாட்பாட், இது மெயில். ஆனால் பாடம் ஒன்றுதான்.

அதனால் 'உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது' என்று ஆட்டோ ரிப்ளையில் எழுதவே எழுதாதீங்க. 'உங்கள் மெயில் வந்து சேர்ந்தது, பார்த்துவிட்டு உறுதி செய்கிறோம்' என்று எழுதுங்க. இந்த ரெண்டு வாக்கியத்துக்கும் நடுவில்தான் ஸ்டாக் இல்லாத சேலையும், காலியில்லாத ரூமும் இருக்கிறது.

எந்த மொழியில் எழுதலாம்?

பிரிட்டனில், வேல்ஸ் பகுதியின் ஸ்வான்சீ நகரத்தில் 2008-ல் நடந்த கூத்து இது. கனரக வாகனங்கள் நுழையக் கூடாது என்று சாலையில் பலகை வைக்க வேண்டும். அங்கே ஆங்கிலத்தோடு வேல்ஷ் மொழியும் இருக்கணும். ஆங்கில வாசகத்தை மொழிபெயர்ப்புப் பிரிவுக்கு மெயில் அனுப்பினார்கள். உடனே வேல்ஷ் மொழியில் பதில் வந்தது. அதை அப்படியே பலகையில் அச்சடித்து நட்டுவிட்டார்கள்.

அதில் எழுதியிருந்தது: 'நான் இப்போது அலுவலகத்தில் இல்லை. மொழிபெயர்க்க வேண்டியதை அனுப்பி வைக்கவும்.'

ஆமாம், அது மொழிபெயர்ப்பாளரின் ஆட்டோ ரிப்ளை! வாங்கியவருக்கு அந்த மொழி தெரியாததால் வந்த வினை.

நம் ஊருக்கும் இது பொருந்தும். தமிழில் மட்டும் எழுதினால் மும்பை வியாபாரிக்குப் புரியாது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதினால் உசிலம்பட்டியில் இருந்தோ மேலூரில் இருந்தோ எழுதும் சிலருக்கு சங்கடம். ரெண்டு மொழியிலும் எழுதுங்கள். முதல் வரியிலேயே 'இது தானியங்கி பதில்' என்று ரெண்டு மொழியிலும் இருக்கட்டும்.

மாதிரிப் பதில்

தமிழ்ப் பகுதி இப்படி இருக்கலாம்:

'வணக்கம். இது தானியங்கி பதில். உங்கள் மெயில் வந்து சேர்ந்தது. சித்திரைத் திருவிழாவை ஒட்டி கடைக்கு விடுமுறை. (தேதி) காலை 10 மணிக்குத் திறப்போம். வந்த வரிசையில் பதில் அனுப்புகிறோம். ஆர்டர்களை நாங்கள் நேரில் பார்த்து உறுதி செய்த பிறகே பணம் அனுப்பவும்.'

கடைசி வரியைக் கவனிச்சீங்களா? உங்கள் பெயரில் வேறு யாராவது வாடிக்கையாளரிடம் பணம் கேட்டாலும், அவர் ஒரு நிமிஷம் யோசிக்க அந்த வரி உதவும்.

எதை எழுதக் கூடாது?

'குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருக்கோம், ஞாயிறு ராத்திரிதான் வருவோம்' என்று எழுதாதீங்க. முன்பின் தெரியாத யாருக்கு வேண்டுமானாலும் அந்தப் பதில் போகும். வீடு பூட்டியிருக்கு என்று போர்டு மாட்டின மாதிரி.

முதலாளியின் பெயர், கணக்குப் பிரிவில் இருப்பவரின் பெயர், சொந்த மொபைல் எண் வேண்டாம். 'முதலாளி ஊரில் இல்லை' என்று தெரிந்தால், 'நான்தான் முதலாளி பேசுறேன், அவசரமா இந்த அக்கவுண்டுக்கு பணம் போடுங்க' என்று மோசடி மெயில் அனுப்புவது சுலபமாகிவிடும். அப்படி ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

'24 மணி நேரத்தில் பதில் தருகிறோம்' என்று எழுதும் முன்பும் யோசியுங்கள். மூன்று நாள் லீவில் அது நடக்காது. தேதியைச் சொல்லுங்கள், அதைக் காப்பாற்றுங்கள்.

ஆன் செய்யும் முன் ஒரு நிமிஷ சரிபார்ப்பு

* தொடக்க தேதி, முடிவு தேதி இந்த வருஷத்துக்குச் சரியா?
* முதல் வரியில் 'தானியங்கி பதில்' என்று இருக்கிறதா?
* காப்பாற்ற முடியாத உறுதிமொழி ஏதாவது இருக்கிறதா?
* ஃபில்டர் அல்லது ஸ்கிரிப்ட் என்றால், 'நோ ரிப்ளை' மெயில்களைத் தவிர்க்கிறதா?
* வேறொரு மெயிலில் இருந்து சோதித்தாச்சா?
* லீவு முடிந்ததும் முதல் வேலையாக இன்பாக்ஸைப் பார்க்கப் போவது யார்?

கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லை என்றால், மற்ற ஐந்தும் சரியாக இருந்து பயனில்லை. ஆட்டோ ரிப்ளை வாடிக்கையாளரைக் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லும், அவ்வளவுதான். காத்திருந்தவருக்கு விலை சொல்லி, சேலையைப் பார்சல் கட்டுவது கடைக்காரர் கையில்தான் இருக்கிறது.